கிரீஸ் தடவியும் ஷாஃப்ட் ஏன் துருப்புடிச்சுது?

கேள்வி: சார், திருத்துறைப்பூண்டி பக்கம் சின்னதா லேத் பட்டறை வெச்சிருக்கேன். ரைஸ் மில்லுக்கு எலிவேட்டர் ஷாஃப்ட், ஸ்க்ரூ கன்வேயர் ஷாஃப்ட், புல்லி எல்லாம் கடைஞ்சு குடுக்குறோம். போன கார்த்திகையில முதல் தடவையா ஒரு ஏஜென்ட் மூலமா தான்சானியாவுக்கு ஒரு பெட்டி ஷாஃப்ட் அனுப்பினோம். தூத்துக்குடியில வேற ஆளுங்க சரக்கோட சேர்த்து கண்டெய்னர்ல ஏத்தினாங்க, போய்ச் சேர ஒன்றரை மாசத்துக்கு மேல ஆச்சு. நல்லா கிரீஸ் தடவி பாலிதீன் சுத்தி மரப்பெட்டியில வெச்சுதான் அனுப்பினோம், அங்க பிரிச்சா பேரிங் உக்கார்ற இடமெல்லாம் துரு. போட்டோ வெச்சிருக்கேன். கடல்ல போனா இப்படித்தான் ஆகும்னு ஏஜென்ட் சொல்றார். அடுத்த ஆர்டருக்கு இன்னும் கெட்டியா கிரீஸ் போடட்டுமா, இல்ல ரெட் ஆக்சைடு அடிச்சுடட்டுமா? இங்க ஷெட்ல இருக்குற ஸ்டாக்கும் மழைக்காலத்துல துருப்புடிக்குது, அப்பா வேஸ்ட் ஆயில் தடவச் சொல்றார். இன்சூரன்ஸ்ல காசு வருமா?

பதில்: தம்பி, நீங்க அனுப்பின போட்டோ நாலையும் பெருசு பண்ணி ரொம்ப நேரம் பார்த்தேன். துரு எந்த இடத்துல எந்த வடிவத்துல புடிச்சிருக்குன்னு பார்த்தாலே அது எங்கிருந்து வந்துச்சுன்னு முக்கால்வாசி தெரிஞ்சுடும், உங்க போட்டோவுல அது ரொம்பத் தெளிவா இருக்கு. ஏஜென்ட் கடல் மேல பழி போடுறார், ஆனா நான் பார்த்த வரைக்கும் இதுல பெரும்பகுதி உங்க பட்டறையிலயே பெட்டிக்குள்ள போட்டு மூடினதுதான். இதைக் குறை சொல்றதுக்காகச் சொல்லல. கடலை உங்களால மாத்த முடியாது, பட்டறையில நடக்குறதை நாளைக்கே மாத்தலாம், அதனால இது நல்ல செய்தின்னுதான் எடுத்துக்கணும்.

முதல் போட்டோவுல ஷாஃப்ட்டோட ரெண்டு முனையிலயும் நீள்வட்டமா சின்னச் சின்ன துருப் புள்ளி, நாலு ஒரு பக்கமும் ஒண்ணு எதிர்ப்பக்கமும். அது கை. யாரோ வெறுங்கையால தூக்கி பெட்டியில வெச்சிருக்காங்க, இல்ல கடைசியா மைக்ரோமீட்டர் வெச்சு அளக்கும்போது புடிச்சிருக்காங்க. வேர்வையில உப்பு இருக்கு, அந்த உப்பு காத்துல இருக்குற ஈரத்தை இழுத்து வெச்சுக்கும், அது மேல நீங்க கிரீஸைத் தடவினதும் உப்பு வெளிய போக வழியில்லாம இரும்போட ஒட்டி உக்காந்துடுச்சு. சுத்தமான இரும்புக்கு காத்துல ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினாதான் துரு வேகம் புடிக்கும், உப்பு ஒட்டியிருந்தா அதுக்குக் கீழயே வேலையை ஆரம்பிச்சுடும். நம்ம ஊர் கார்த்திகை ராத்திரியில ஈரப்பதம் 80க்குக் கீழ இறங்குறதே அபூர்வம்னு உங்களுக்கே தெரியும்.

ரெண்டாவது போட்டோவுல கீ-வே (சாவிக்கட்டை உக்கார்ற பள்ளம்) மூலையிலயும் மரைக்குள்ளயும் பொடிப்பொடியா பழுப்பு நிறத்துல இருக்கே, அது கூலண்ட், அதாவது கடையும்போது சூடு தணிய ஊத்துற தண்ணி, அதோட மிச்சம். இங்க ஒண்ணு கேக்கணும், கூலண்ட்ல என்ன தண்ணி கலக்குறீங்க? போர் தண்ணியாத்தான் இருக்கும். கடைமடைப் பக்கம் பல ஊர்ல போர் தண்ணி உப்பு கரிக்கும், வாயில வெச்சாலே தெரியும், அந்தத் தண்ணியை கூலண்ட்ல கலந்தா வேலை நடக்கும்போது ஒண்ணும் தெரியாது, ஏன்னா கூலண்ட்ல துருவைத் தடுக்குற மருந்து இருக்கு. ஆனா டேங்க்ல தண்ணி ஆவியாகுது, நீங்க திரும்ப போர் தண்ணியை ஊத்துறீங்க, ஆவியா போறது வெறும் தண்ணி மட்டும்தான், உப்பு உள்ளயே தங்குது, மாசக்கணக்குல ஏறிக்கிட்டே போகுது. கடைசல் முடிஞ்சு அந்தத் தண்ணி மூலையில காயும்போது உப்பும் அங்கயே காயுது. அதனால முதல் வேலையா கூலண்ட் டேங்கைக் காலி பண்ணிக் கழுவுங்க, இனிமே ஆர்.ஓ. தண்ணி இல்லன்னா மழைத்தண்ணி பிடிச்சு வெச்சு கலக்குங்க. பட்டறைக்கு ஒரு நாளைக்கு தேவைப்படுற தண்ணி ஒண்ணும் பெரிய அளவு இல்ல. ஆலோசனை எத்தனை சொன்னாலும் இந்த ஒண்ணை மட்டும் நீங்க விட்டுடக் கூடாதுன்னு நான் நினைக்கிறேன், உங்க ஷெட்ல இருக்குற ஸ்டாக் துருப்புடிக்கறதுக்கும் பாதிக் காரணம் இதுவாத்தான் இருக்கும்.

மூணாவது போட்டோவுல எல்லா ஷாஃப்ட்லயும் ஒரே தூரத்துல ரெண்டு பட்டையா துரு, அது நீங்க அடியில குடுத்த மரக்கட்டை தொட்ட இடம். மரம் பச்சையா இருந்திருக்கு. எச்.டி. முத்திரை குத்தின மரம்தானே வாங்கினோம்னு சொல்வீங்க, அந்த முத்திரைக்கு அர்த்தம் மரத்தோட நடுப்பகுதி வரைக்கும் 56 டிகிரியில 30 நிமிஷம் சூடு பண்ணி பூச்சியைக் கொன்னாச்சுங்கிறது மட்டும்தான், மரம் காஞ்சிருக்குன்னு அது சொல்லல. இதுல நிறைய பேர் ஏமாறுறாங்க. ஒரு கணக்கு பாருங்க, 20 அடி கண்டெய்னர்ல மொத்தமே சுமார் 33 கன மீட்டர் காத்து, 30 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து முழுசா ஈரம் குடிச்சாலும் 30 கிராம் தண்ணிதான் தாங்கும், ஆக மொத்த கண்டெய்னர் காத்துலயும் ஒரு லிட்டர் தண்ணிதான். ஆனா காஞ்ச எடை 40 கிலோ வர்ற ஒரு மரப்பெட்டி, 30 சதவீத ஈரத்துல இருந்து 18 சதவீதத்துக்குக் காஞ்சா கிட்டத்தட்ட அஞ்சு லிட்டர் தண்ணியை வெளிய விடும், அதுவும் உங்க ஷாஃப்ட்டுக்கு பக்கத்துலயே. கூடவே பச்சை மரத்துல இருந்து புளிப்பு ஆவியும் வரும், அதுவும் இரும்புக்கு ஆகாது. குத்திப் பார்க்குற ஈரமானி விக்குது, மரம் வாங்கும்போது 18க்கு மேல காட்டினா வாங்காதீங்க, அவசரத்துக்கு வாங்கினாலும் மரமும் இரும்பும் நேரா தொடாம நடுவுல கெட்டி பிளாஸ்டிக் ஷீட் வையுங்க.

இதோட சேர்த்து சொல்லிடுறேன், இடத்தை அடைக்க வைக்கோல், உமி, சாக்கு, பழைய பேப்பர், தேங்காய் நார்த்தூள் எதுவுமே வேண்டாம். நம்ம பக்கம் சும்மா கிடைக்கும்னு அடைக்கிறது வழக்கமா இருக்கு. எல்லாமே ஈரத்தை உறிஞ்சி வெச்சிருந்து மெதுவா விடும், நார்த்தூள்ல போதாக்குறைக்கு உப்பும் இருக்கு. நார்க்கயிறு போட்டு நேரா ஷாஃப்ட்டைக் கட்டவும் வேண்டாம்.

நாலாவது போட்டோ தான் கப்பல்ல நடந்தது. மேல்பக்கம் பளபளன்னு இருக்கு, பாலிதீன் தொங்கின அடிப்பக்கம் மட்டும் திட்டுத்திட்டா துரு. கண்டெய்னர் பகல்ல வெயில்ல காயுது, ராத்திரியில குளிருது, சோத்துப் பானையை மூடி வெச்சா மூடியில தண்ணி கோத்துக்கற மாதிரி உள்ள இருக்குற ஈரம் எல்லாம் குளிர்ந்த இடத்துல போய் தண்ணியா நிக்கும். உங்க பாலிதீனும் அதே வேலையைத்தான் செஞ்சிருக்கு. சாதாரண பாலிதீன் தண்ணியை உள்ள வராம தடுக்குதோ இல்லையோ, உள்ள மாட்டின தண்ணியை வெளிய விடாது. மழை பெய்யற அன்னைக்கு சுத்தினீங்கன்னா மழைக்காத்தையே சுத்தி அனுப்புறீங்கன்னு அர்த்தம்.

இப்போ உங்க கேள்விக்கு வர்றேன். கெட்டியா கிரீஸ் வேண்டாம். நீங்க போட்டது உராய்வு குறைக்கிற கிரீஸ், அது துரு தடுக்கறதுக்குன்னு செஞ்சது இல்ல, கையால இழுக்கும்போது கோடு கோடா வெறும் இரும்பு தெரியும், கீ-வே மாதிரி பள்ளத்துல மேலாப்புல பாலம் போட்டுடும், அடியில காத்தும் ஈரமும் அப்படியே இருக்கும். கனமா போட்டா இந்தக் குறை மறையுமே தவிர போகாது. ரெட் ஆக்சைடும் பேரிங் உக்கார்ற இடத்துல கூடவே கூடாது, அங்க நீங்க நூறுல ஒரு பங்கு மில்லிமீட்டர் பார்த்து கடைஞ்சிருக்கீங்க, வாங்கினவர் அதைச் சுரண்டி எடுக்க எமரி போட்டார்னா உங்க அளவு போச்சு. ஃபிட்டிங் இல்லாத நடு பாகத்துக்கு வேணும்னா ப்ரைமரும் அதுக்கு மேல பெயிண்ட்டும் அடிங்க, வெறும் ரெட் ஆக்சைடு மட்டும் ரொம்ப நாள் தாங்காது.

நான் செய்யச் சொல்றது இதுதான். கடைசல் முடிஞ்ச அன்னைக்கே, மறுநாளைக்குத் தள்ளாம, எம்.டி.ஓ. (மினரல் டர்பன்டைன் ஆயில்) ஊத்தி பிரஷ் போட்டு கழுவுங்க, கீ-வே, மரை, சென்டர் ஓட்டை எல்லாத்துக்குள்ளயும் பிரஷ் போகணும். ஆனா ஒண்ணு, எம்.டி.ஓ. எண்ணெயையும் அழுக்கையும்தான் எடுக்கும், உப்பை எடுக்காது, உப்பு தண்ணியிலதான் கரையும். அதனால அதுக்கு முன்னாடி ஒரு தடவை ஆர்.ஓ. தண்ணியில கொஞ்சம் புது கூலண்ட் கலந்து அலசிட்டு உடனே துடைச்சுடுங்க. துடைக்க துவைச்ச பனியன் வேஸ்ட் போதும், ஆனா காலையில இருந்து மெஷினைத் துடைச்ச அதே துணி வேண்டாம். கம்ப்ரசர் காத்துல ஊதுவீங்க, ஊதறதுக்கு முன்னாடி கம்ப்ரசர் டேங்க் அடியில இருக்குற வால்வைத் திறந்து தண்ணியை விடுங்க, லைன்ல தண்ணி பிரிக்கிற ஃபில்டர் ஒண்ணு போடுங்க, மழைக்காலத்துல அந்தக் காத்துல தண்ணி தெறிச்சு வரும், காய வைக்கறோம்னு நினைச்சு நனைச்சுக்கிட்டு இருப்போம். கழுவின பிறகு வெறுங்கை படவே கூடாது, ரப்பர் கிளவுஸ் போட்டாதான் தொடணும், வேர்வை ஊறின பழைய லெதர் கிளவுஸும் வெறுங்கையும் ஒண்ணுதான்.

அடுத்தது துரு தடுக்கிற எண்ணெய். கடையில ரஸ்ட் ப்ரிவென்டிவ் ஆயில்னு கேளுங்க, அதுலயும் தண்ணியை ஒதுக்கிட்டு மெல்லிசா மெழுகுப் படலம் விடற வகையா கேளுங்க. விக்கிறவர் ஆறு மாசம் தாங்கும் ஒரு வருஷம் தாங்கும்னு வாயால சொல்றதை வெச்சு வாங்காதீங்க, டேட்டா ஷீட் கேளுங்க, அதுல 5 சதவீத உப்புத்தண்ணி தெளிக்கிற சோதனையில எத்தனை மணி நேரம், ஈர அறை சோதனையில எத்தனை மணி நேரம்னு போட்டிருக்கும், ரெண்டு கம்பெனி எண்ணெயை ஒப்பிட்டுப் பார்க்க அதுதான் நேர்மையான வழி. அந்த மணிக்கணக்கை அப்படியே நாளாவோ மாசமாவோ மாத்திக் கணக்கு போட முடியாது, ஒப்பிட மட்டும்தான். ஒரு பேரலை நீளவாக்குல பாதியா வெட்டி தொட்டி மாதிரி வெச்சு ஷாஃப்ட்டை அதுல முக்கி எடுங்க, தடவறதை விட முக்கறது நூறு மடங்கு மேல், பள்ளத்துக்குள்ள எல்லாம் தானா போயிடும். அப்புறம் சாய்ச்சு வெச்சு வடிய விடுங்க, எண்ணெய்ல கலந்திருக்குற கரைப்பான் முழுசா பறக்கணும், வாசனை போகாம சுத்தினா படலம் கெட்டியாகாம கொழகொழன்னு இருக்கும். எம்.டி.ஓ.வும் சரி இந்த எண்ணெயும் சரி சீக்கிரம் தீப்புடிக்கும், தொட்டி இருக்குற பக்கம் வெல்டிங்கும் கிரைண்டிங்கும் நடக்கவே கூடாது, இதை உங்க பசங்ககிட்ட கண்டிப்பா சொல்லிடுங்க.

முக்கறதுக்கு எந்த நேரம்ங்கிறதும் முக்கியம். காத்து 30 டிகிரி, ஈரப்பதம் 80 இருந்தா, 26 டிகிரிக்குக் கீழ இருக்குற எந்தப் பொருள் மேலயும் பனி இறங்கும். ராத்திரி முழுக்க குளிர்ந்த கனமான ஷாஃப்ட் காலையில 25 டிகிரியில இருக்கும், வெயில் ஏறி வெளிய சூடான ஈரக்காத்து ஷெட்டுக்குள்ள வந்ததும் இரும்பு வேர்க்க ஆரம்பிச்சுடும், கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிசா. மெல்லிசுதானேன்னு விட்டுடாதீங்க, துருப்புடிக்க அதுவே போதும். அதனால காலையில ஏழுல இருந்து பத்து மணி வரைக்கும் எண்ணெய் முக்கற வேலையும் பேக்கிங்கும் வேண்டாம், மத்தியானத்துக்கு மேல வெச்சுக்கங்க. இரும்பு, பனி இறங்குற அளவை விட 3 டிகிரியாவது சூடா இருக்கணும். ஈரப்பதம் காட்டுற மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது, இரும்போட சூட்டைப் பார்க்க துப்பாக்கி மாதிரி தெர்மாமீட்டர் வாங்கலாம், ஆனா பளபளப்பான இரும்புல நேரா அடிச்சா அது தப்பா காட்டும், ஒரு துண்டு கருப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அதுமேல அடிச்சுப் பாருங்க.

சுத்தறதுக்கு பாலிதீனுக்குப் பதிலா வி.சி.ஐ. பேப்பர், அதுக்கு மேல வி.சி.ஐ. ஃபிலிம் பை. இதுல ஒரு மருந்து மெதுவா ஆவியாகி பைக்குள்ள முழுக்க பரவி இரும்பு மேல படியும், எண்ணெய் படாத சந்துக்குள்ளயும் போகும். இரும்புல இருந்து 30 சென்டிமீட்டருக்குள்ள பேப்பர் இருக்கணும், ஒரு கன அடி இடத்துக்கு ஒரு சதுர அடி பேப்பராவது வேணும்ங்கிறது நடைமுறைக் கணக்கு. மருந்து பூசின பக்கம் இரும்பைப் பார்த்து இருக்கணும், பை வாயை நல்லா ஒட்டணும், காத்து ஓட்டம் இருந்தா மருந்து வெளிய போயிடும். உங்க புல்லியில பித்தளை புஷ் இருந்தா கடையில சொல்லியே வாங்குங்க, இரும்புக்கு மட்டும்னு செஞ்ச சில வகை மத்த உலோகத்தைக் கெடுக்கும். ரோலைப் பிரிச்சுப் போட்டு ஷெல்ஃப்ல வருஷக்கணக்கா வெச்சிருந்தா அதுல மருந்து இருக்காது, வெறும் பேப்பர்தான். கையும் உப்பும் பட்ட இரும்பை இது காப்பாத்தாது, கழுவினதுக்கு அப்புறம்தான் இதுக்கு வேலை.

பை உள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட் போடலாம், ஒட்டின பைக்குள்ள மட்டும். ஷெட்ல திறந்து தொங்க விடறதுல பிரயோஜனம் இல்ல, ஊர்க் காத்து மொத்தத்தையும் அது காய வைக்காது. ஈரம் உறிஞ்ச கால்சியம் குளோரைடு போட்ட பெரிய பைகளை இரும்புக்கு மேல தொங்க விடாதீங்க, ஒழுகினா ஒழுகறது உப்புத்தண்ணி. அலுமினியம் ஃபாயில் போட்டு வெற்றிடம் பண்ணி பேக் பண்றதும் உண்டு, அது வருஷக்கணக்குல கிடக்கப்போற விலை கூடின மெஷினுக்கு, உங்க ஷாஃப்ட்டுக்கு அவ்வளவு செலவு நான் சொல்ல மாட்டேன்.

தூத்துக்குடிக்கு லாரி பிடிக்கும்போது, முந்தின லோடு என்னன்னு கேளுங்க. நம்ம பக்கம் வேதாரண்யம் உப்பு ஏத்தின வண்டியும் பொட்டாஷ் உரம் ஏத்தின வண்டியும் நிறைய ஓடுது, பொட்டாஷும் குளோரைடு உப்புதான். தளத்தைக் கூட்டிட்டு தார்ப்பாய் விரிச்சு அது மேல பெட்டியை ஏத்துங்க.

ஷெட் விஷயம். மழைக்காலத்துல துருப்புடிக்குதுன்னு எழுதியிருக்கீங்க, ஆனா ஐப்பசி கார்த்திகையை விட மழை விட்ட மார்கழி தை மாசத்தைக் கவனிங்க. அப்போ பகலுக்கும் ராத்திரிக்கும் சூடு வித்தியாசம் கூடுது, பனி கொட்டுது, தகரக் கூரையில கோத்து சொட்டுது, மழை போயிடுச்சேன்னு நாம கவனிக்காம விட்டுடறோம். ஸ்டாக்கை தரையில இருந்து ஒரு அடி உயரத்துக்கு ரேக்குல தூக்குங்க, மண் தரையா இருந்தா பிளாஸ்டிக் ஷீட்டாவது விரிங்க, தரையில இருந்து வர்ற ஈரம் சாதாரணம் இல்ல. தார்ப்பாயை இரும்பு மேல போர்த்தாதீங்க, பந்தல் மாதிரி இடைவெளி விட்டு கட்டுங்க. மத்தியானம் காத்து காஞ்சிருக்கும்போது கதவைத் திறங்க, சாயங்காலம் மூடுங்க. நல்ல ஸ்டாக்கை மட்டும் ஒரு கதவு வெச்ச பீரோவுக்குள்ள வெச்சு அடியில பழைய குண்டு பல்பு ஒண்ணை எரிய விட்டா உள்ள ரெண்டு மூணு டிகிரி சூடு கூடி இரும்பு வேர்க்காது, செலவு கம்மி, பலன் நிச்சயம். எண்ணெய் முக்கின பொருள் பக்கத்துல பல்பு வேண்டாம், கரைப்பான் முழுசா பறந்த பிறகுதான் உள்ள வைக்கணும். உர மூட்டையும் பேட்டரி சார்ஜ் போடுறதும் அந்த ஷெட்ல இருந்தா வேற இடத்துக்கு மாத்துங்க.

அப்பா சொல்ற வேஸ்ட் ஆயில், டிராக்டர் கேஜ் வீலுக்கும் கலப்பைக்கும் அவர் காலத்துல இருந்து தடவி வர்றாங்க, சேத்துல திரும்ப இறங்கப் போற பொருளுக்கு அது ஒண்ணும் பெரிய நஷ்டம் பண்ணல, அதை வெச்சு அவர் சொல்றார். ஆனா இன்ஜின்ல ஓடி வந்த எண்ணெய்ல எரிஞ்ச அமிலம், தண்ணி, கரி எல்லாம் இருக்கு, பளபளப்பா கடைஞ்ச முகத்துல அதுவே குழி விழ வைக்கும், மண்ணுலயும் வாய்க்கால்லயும் சொட்டினா வயலுக்கும் கேடு. இதை அவர்கிட்ட பக்குவமா சொல்லுங்க, ரெண்டு துண்டு கம்பியைக் கடைஞ்சு ஒண்ணுல வேஸ்ட் ஆயிலும் இன்னொண்ணுல நல்ல எண்ணெயும் போட்டு ஷெட் இறவாணத்துல ஒரு மாசம் தொங்க விட்டு காட்டினீங்கன்னா பேச்சே தேவைப்படாது. எண்ணெய் பிராண்டு தேர்ந்தெடுக்கவும் இதே வழியை வெச்சுக்கலாம்.

இன்சூரன்ஸ் பத்தி அதிகமா நம்பிக்கை வெச்சுக்காதீங்க. கடல் சரக்கு பாலிசி பெரும்பாலும் இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாசஸ்ங்கிற நிபந்தனைகள்படி இருக்கும், எல்லா ஆபத்துக்கும்னு சொல்ற ஏ பிரிவுல கூட பேக்கிங் போதாம வந்த சேதத்துக்குப் பணம் கிடையாதுன்னு விலக்கு இருக்கு. பெட்டி உடைஞ்சு தண்ணி புகுந்திருந்தா கேக்கலாம், உங்க போட்டோவுல பெட்டி முழுசா இருக்கு. பாலிசியை எடுத்துப் படிச்சுட்டு ஏஜென்ட்கிட்ட பேசுங்க.

அங்க போன ஷாஃப்ட்டுகளைத் தூக்கிப் போடச் சொல்லிடாதீங்க. கைரேகைத் துரு மேலாப்புலதான் இருக்கும், எண்ணெய் நனைச்ச நைலான் உரசுத் துணியால லேசா தேச்சு, கழுவி, பேரிங் இடத்தை மைக்ரோமீட்டர்ல அளக்கச் சொல்லுங்க. அளவு நிக்குதுன்னா போடலாம், குழி விழுந்து விரல்ல தட்டுப்பட்டா அந்த ஷாஃப்ட்டை மாத்திக் குடுங்க, முதல் வெளிநாட்டு ஆர்டர், பேர் முக்கியம். அடுத்த பெட்டியில மேல ஒரு தாள் ஒட்டுங்க, அவங்களுக்குப் புரியற மொழியில: ஷாஃப்ட்டை மாட்டறதுக்கு முந்தின நிமிஷம் வரைக்கும் பையைக் கிழிக்க வேண்டாம், ஒரு பகல் ஒரு ராத்திரி அந்த இடத்து சூட்டுக்கு வந்த பிறகு பிரிங்க, படலத்தை எம்.டி.ஓ. நனைச்ச துணியால துடைச்சா போதும், எமரி போடாதீங்க. இதை எழுதாம விட்டா அவங்க வந்த அன்னைக்கே எல்லாத்தையும் பிரிச்சு தரையில அடுக்கிடுவாங்க.